காசில்லாச் சூது

ஏழு வியசனங்களுள் சூதினை முதலாவதாக வைத்தனர் நம் ஆசாரியர்கள். ஊனும் கள்ளும் களவும் அதற்குப் பின்னரே எண்ணப்படுகின்றன. இவ்வரிசைக்குக் காரணம் யாதெனக் கேட்டால், சூது பொருளை அழிக்கும், குடியைக் கெடுக்கும் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையன்று. பொருளே வைக்கப்படாத சூது ஒன்று இன்று இளைஞர் கைகளில் புழங்குகின்றது. அதனை எதனோடு சேர்த்து எண்ணுவது என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

போக்கர் என்னும் மேலைநாட்டுச் சீட்டாட்டத்தில் நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டிகள் உண்டு. சேர்ந்தோர் அனைவருக்கும் சமமான எண்ணிக்கையில் வில்லைகள் தரப்படும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். பின்னர் ஐந்து சீட்டுகள் பொதுவில் விரிக்கப்படும். வில்லைகளை இழந்தவர் வெளியேற, இறுதியில் எஞ்சும் சிலருக்குச் சிறு பரிசோ, கட்டணப் போட்டி ஒன்றிற்கான நுழைவுச் சீட்டோ, வெறும் புள்ளிகளோ கிட்டும். பௌர்ணமி இரவில் அண்ணாமலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையிலும் கைப்பேசித் திரையில் சீட்டு விரித்தபடி நடப்போரை யாம் கண்டதுண்டு. எம்மிடம் பயின்றவர் ஒருவரின் மகன், "பாட்டி, நான் ஒரு காசும் வைக்கவில்லை, ஒரு காசும் இழக்கவில்லை. இதில் பாவம் எங்கே வந்தது?" என்று கேட்டார். நல்ல வினா. மாணவர் கேட்கும் வினாவைத் தட்டிக் கழித்தல் ஆகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் யாம் முதலில் கற்ற பாடம்.

அவ்வினாவிற்கு விடைகாண ஆட்டத்தின் உட்கூற்றையே நோக்க வேண்டும். முதலில் கிடைக்கும் இரு சீட்டுகளில் சிறந்தது ஏஸ் இணை. ஐம்பத்திரண்டு சீட்டுகளில் அது 221 முறைக்கு ஒருமுறையே வரும். எதிரில் ஒருவர் மட்டும் ஏதோ இரு சீட்டுகளுடன் இறுதிவரை நின்றால் நூற்றுக்கு எண்பத்தைந்து முறை அந்த இணையே வெல்லும். எட்டுப் பேர் நின்றாலோ நூற்றுக்கு முப்பத்தைந்து முறை அளவிலேதான் வெல்லும். கட்டணம் செலுத்திய ஆட்டத்தில் எட்டுப் பேர் நிற்பது அரிது. பணத்தை எண்ணி அஞ்சிச் சீட்டைக் கவிழ்த்துவிடுவர். கட்டணமில்லாப் போட்டியின் தொடக்கத்தில் யாருக்கும் அச்சமில்லை. போனால் போகட்டும் என்று கையிலுள்ள வில்லைகள் அனைத்தையும் முதல் ஆட்டத்திலேயே தள்ளுவோர் பலர். எனவே, வலிய சீட்டு தொடக்கத்திலேயே வந்தால் அதனைத் துணிந்து ஆடுவதா, ஆரவாரம் அடங்கும்வரை ஒதுங்கியிருப்பதா என்பது அவ்வாட்டக்காரரிடையே ஒரு பெரிய விவாதம். துணிந்து ஆடுக என்போர் கூறும் காரணம் ஒன்றே: பொறுப்பற்றவர் மிகுந்த வேளையே வில்லைகளைக் குவிக்க ஏற்ற வேளை.

இக்காரணத்தைச் சற்று நிறுத்தி நோக்குக. பிறருடைய கவனமின்மையே என் ஊதியம் என்பதன்றோ இதன் பொருள்? காசு இருப்பினும் இல்லாவிடினும் சூதின் உள்ளம் இதுவே. பிறர் தவறுவதற்காகக் காத்திருத்தல், தவறியவுடன் மகிழ்தல் என்னும் இவ்விரண்டு பரிணாமங்களும் வில்லையைக் கொண்டு ஆடினும் எழுகின்றன. பொற்காசைக் கொண்டு ஆடினும் எழுகின்றன. ஒதுங்கியிருக்கும் ஆட்டக்காரரிடம் ஒருவகை அடக்கம் உண்டென்பதை யாம் மறுக்கவில்லை. நூறு முறை சீட்டைக் கவிழ்த்து வைத்துப் பொறுத்திருத்தல் எளிதன்று. ஆனால் கொக்கும் ஒற்றைக்காலில் அசையாது நிற்கிறது!

சட்டம் இவ்வினாவை வேறு வகையில் கேட்கின்றது. 2022-இல் தமிழக அரசு இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் பட்டியலிட்டுத் தடுத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், அவ்விரண்டும் திறமை சார்ந்த ஆட்டங்கள் எனக் கூறி அப்பட்டியலை நீக்கிற்று. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்னும் வேற்றுமையைக் கருதாது, கட்டணமோ பணமோ பந்தயமோ செலுத்திப் பரிசை எதிர்பார்த்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடுத்தது. குடும்பங்கள் கடனில் மூழ்கியதையும் உயிர்கள் மாய்ந்ததையும் கண்ட நாட்டிற்கு இது வேண்டியதே. எனினும், சட்டத்தின் பார்வை செலுத்திய பணத்தின் மீதே நிற்கிறது. பணம் செலுத்தாதவனிடம் சட்டம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. விரதத்திற்கோ அவனிடமும் கேட்பதற்கு உண்டு.

குணவிரதங்களுள் ஒன்றாகிய அநர்த்த தண்ட விரதத்தை அன்பர்கள் அறிவர். உழவன் நிலத்தை உழும்போதும் சிற்றுயிர்கள் மடிகின்றன. அதற்கு ஒரு பயன் உண்டு, உணவு. பயன் யாதுமின்றி மண்ணைத் தோண்டுவதும் தளிரைக் கிள்ளுவதும் நீரைக் கொட்டுவதும் அநர்த்த தண்டம். வேட்டை, வெற்றி, தோல்வி, போர் ஆகியவற்றை வீணே சிந்தித்திருப்பதையும் அமிர்தசந்திர ஆசாரியர் தமது புருஷார்த்த சித்யுபாயத்தில் இவ்விரதத்தின் கீழ் விலக்குகிறார். அப்பகுதியை ஒட்டியே சூதினையும் பேசுகிறார். எனவே இளைஞரின் வாதம் இங்குத் தலைகீழாகின்றது. ஒரு பயனும் கருதாமல் ஆடினேன் என்பது குற்றத்தைக் குறைக்கும் என்று அவர் நினைக்கிறார்; பயனின்மையே குற்றம் என்கிறது விரதம். இதனால் காசு வைத்து மனைவி மக்களைத் தெருவில் நிறுத்துபவனும் இவரும் ஒன்று என்று யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அறிவுடைமை ஆகாது. இரண்டும் ஒரே தெருவின் இரு வீடுகள் என்றே கூறுகிறோம். இலவசப் போட்டியின் பரிசாகக் கட்டணப் போட்டியின் நுழைவுச் சீட்டைத் தருபவருக்கு அத்தெரு நன்கு தெரியும்.

பயிற்சிப் பள்ளியில் மதிப்பெண் இடப்படாத தேர்வுகளை யாம் நடத்துவதுண்டு. முன்கூட்டியே அதனை அறிவித்துவிடுவோம். மதிப்பெண் தேர்வில் ஒருபோலத் தோன்றிய மாணவியர் அப்போது இருவகையாகப் பிரிவர். கிறுக்கித் தள்ளி எழுந்து செல்வோர் ஒருபுறம். வழக்கம்போல் விடையைச் சரிபார்த்து அமர்ந்திருப்போர் மறுபுறம். இழப்பில்லாத இடத்தில் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதற்கு இலவசப் போட்டியும் இத்தகைய தேர்வுதான். அங்கே வில்லைகளை அள்ளி வீசும் கை அப்பழக்கத்தை வீட்டிற்கும் கொண்டு வரும். கவனமற்ற யோகத்தால் உயிருக்குத் துன்பம் விளைவதே இம்சை என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்தது, சிறு செயல்களையும் உட்கொண்டே அன்றோ?

வலிய சீட்டைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். உத்தராத்யயன உரைக்கதைகளில் மனிதப் பிறவியின் அருமைக்கு ஓர் உவமை சூதாட்டத்தைக் கொண்டே சொல்லப்படுகிறது. நூற்றெட்டுத் தூண்கள், தூணுக்கு நூற்றெட்டு மூலைகள் உள்ள மண்டபத்தில், ஒவ்வொரு மூலையையும் தோல்வியே இன்றி நூற்றெட்டு முறை வென்றால்தான் இளவரசனுக்கு அரசு. இடையில் ஒருமுறை தோற்பினும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அத்தகைய அருமை வாய்ந்த பிறவி 221-இல் ஒன்று போன்ற எளிய கணக்கன்று. நம் மாவட்டத்துத் திருமலையில் பதினாறு அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதப் பகவான் அரச குலத்தில் தோன்றியவர். திருமணக் கோலத்தில் சென்றவர், விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பினார். கிடைத்தற்கரிய அனைத்தும் வாழ்வின் தொடக்கத்திலேயே கையில் இருந்தன. அவற்றைக் கொண்டு எவரையும் வெல்ல அவர் எண்ணவில்லை. அவர் வரலாறு கூறும் அதே அரிவம்ச புராணத்தில் தருமன் சூதில் நாடிழந்த கதையும் வருகின்றது.

அவ்வாறாயின் குழந்தைகள் விளையாடவே கூடாதா என்று பெற்றோர் கேட்பர். தாராளமாக விளையாடலாம். பரமபத சோபானத்தைப் போன்ற ஞானபாஜிப் பலகைகளைச் சமணர்கள் தாமும் வரைந்து ஆடியுள்ளனர். அவற்றில் எண்பத்து நான்கு கட்டங்கள் கொண்டவை உண்டு. அதிலும் தாயம் உருட்டல் உண்டு, ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஆனால் ஒருவர் பாம்பின் வாயில் விழுவதால் மற்றவர் கணக்கில் எதுவும் சேர்வதில்லை. ஒரு சாமாயிகத்திற்குரிய நாற்பத்தெட்டு நிமிடங்களுக்குள் ஓர் ஆட்டம் முடிந்தும் விடும். பல்லாயிரவர் சேரும் இலவசப் போட்டியோ நள்ளிரவு கடந்தும் நீள்கிறது. வரும் தசலட்சணப் பருவத்தில் நம் ஆலயப் பாடசாலைச் சிறுவர்களைக் கொண்டு இப்பலகையைப் பெரிய துணியில் வரையச் செய்யலாம். கட்டங்களின் பெயர்களை எழுதித் தர யாம் அணியமாக உள்ளோம். வினாக் கேட்ட இளைஞரும் வண்ணம் தீட்ட வருவதாகக் கூறியிருக்கிறார்.