தப்பே வராத பாட்டு

எட்டு வயதில் என்னைப் பாட்டு வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். "இவனுக்குச் சரஸ்வதி கடாட்சம் இல்லைம்மா, காசை வீணாக்காதீங்க" என்றார் ஆசிரியர். அம்மா நம்பினார். நானும் நம்பினேன். அதன்பின் முப்பது ஆண்டுகள் கல்யாண வீட்டில்கூட நான் வாய் திறந்து பாடியதில்லை.

போன பள்ளி விடுமுறையில் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கூகுளின் குரோம் மியூசிக் லேபைத் திறந்து, சாங் மேக்கரைக் காட்டினேன். இலவசம், பெயர் பதியத் தேவையில்லை. திரை முழுக்கக் கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் அதில் நிறம் ஏறும், ஒரு சுரம் ஒலிக்கும். மேலே போகப் போகச் சுரம் உயரும். இடமிருந்து வலமாகக் காலம் ஓடும். ஐந்து சுர அமைப்பைத் தேர்ந்து அவளிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு மெட்டுப் போட்டுவிட்டாள். ஏறக்குறைய மோகன ராகம்!

"சித்தப்பா, எங்க தொட்டாலும் நல்லாத்தான் இருக்கு. தப்பே வர மாட்டேங்குது, ஏன்?"

அந்த 'ஏன்' என்னை உலுக்கியது. என் ஆசிரியரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

பதில் கணக்கில் இருக்கிறது. ஒரு கம்பி நொடிக்கு 200 முறை அதிர்வதை ச என்று வைத்துக்கொண்டால், 300 முறை அதிர்வது ப. இரண்டுக்கு மூன்று. ப-விலிருந்து அதே கணக்கைப் போட்டால் ரி வரும்; ரி-யிலிருந்து த; த-விலிருந்து க. மேல் ஸ்தாயிக்குப் போனதைக் கீழே இறக்கிக்கொண்டால் போதும், நான்கே தாவலில் மோகனத்தின் ஐந்து சுரமும் கைக்கு வந்துவிடும். உரசிக்கொள்ளும் சுரங்கள் இதில் இல்லை. அதனால்தான் எங்கே தொட்டாலும் இனிக்கிறது.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஜார்ஜ்டவுன் தெருக்களில் நாடக மேடை போடுவார்கள். அங்கே கேட்கும் பல மெட்டுகளும் ஐந்து சுரத்தில் அமைந்தவையே. லெபோ குயின் மாரியம்மன் கோயிலில் நாதஸ்வரம் மோகனம் வாசிப்பதும் ஐந்து சுரத்தில்தான். அவர்களுக்கு எந்தத் தெய்வம் கொடுத்தது, நமக்கு எந்தத் தெய்வம் கொடுத்தது? அதிர்வின் கணக்கு எல்லார் காதுக்கும் ஒன்றுதான்.

இசை எல்லாருக்கும் உரியது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி என்ற ஆயர் மூதாட்டி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் வைக்கிறாள். கண்ணால் பார்த்து, காலால் ஆடிக் கற்கும் இசை அது. பாடியது திருமாலைத்தான். ஆனால் ஏழு சுரங்களாக நின்றவர்கள் பால் கறந்து மோர் விற்ற ஆயர் பெண்கள். அவர்களில் யாரிடமும் "உனக்கு ஞானம் உண்டா?" என்று மாதரி கேட்கவில்லை.

பிறவியால் ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்பது பொய் என்று சொல்ல, 1929 டிசம்பரில் பெரியார் கப்பலேறி வந்து இறங்கிய ஊர் பினாங்கு. சாதியில் அந்தப் பொய்யை மறுக்கும் நாம், இசையில் மட்டும் அதை ஏன் ஒப்புக்கொள்கிறோம்? "பரம்பரையில் வரணும்", "பூர்வ ஜென்மப் புண்ணியம்" என்று சொல்லும்போது வாசலில் யாரை நிறுத்திவைக்கிறோம்? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி கொட்டும் பையன்களைப் பாருங்கள். பெரிய பையன்களின் கையைப் பார்த்து, மாதக்கணக்கில் கொட்டிப் பழகியவர்கள். அவர்களை "ரவுடிப் பசங்க" என்று ஒதுக்கும் அதே வீடு, தன் பிள்ளையின் கீபோர்டுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுகிறது.

ஆனால் திரையையும் தெய்வமாக்கிவிடக் கூடாது. அது தன் பங்குக்கு ஒன்றை மறைக்கிறது. அமைப்பை மாற்றி, பன்னிரண்டு சுரமும் வரும்படி வைத்தேன். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை ஒன்றாக ஒலிக்கவிட்டதும் அவள் முகம் சுளித்தாள். "ஐயே, இது ரெண்டும் சண்டை போடுது!" பிறகு அதில் ஒன்றை அழித்தாள், வேறொன்றை வைத்தாள், மறுபடி கேட்டாள். அவளுக்கு உண்மையான பாடம் அங்கேதான் தொடங்கியது. மைக்கில் பாடவும் செய்தாள். குழைத்துப் பாடியதை அந்தக் கருவி கட்டம் கட்டமாக வெட்டி, படிக்கட்டாக்கிக் காட்டியது. கமகம் அதில் அடங்கவில்லை. "நான் பாடுனது இது இல்லையே" என்றாள். காது விழித்துக்கொண்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

என் ஆசிரியர் தப்பைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தினார். ஐந்து சுரத் திரை, தப்பே வராமல் பார்த்துக்கொண்டு தட்டிக்கொடுக்கிறது. இருவருமே பிள்ளைக்கு உரிய ஒன்றைக் கொடுக்காமல் விடுகிறார்கள்: தப்புச் செய்யவும், தன் காதாலேயே அதைக் கண்டுபிடித்துத் திருத்தவும் உள்ள உரிமை. இசை ஞானம் என்று நாம் கும்பிடுவது அந்தத் திருத்தங்களின் கூட்டுத்தொகை. இதில் அருளுக்கு வேலை இல்லை. நேரத்துக்கும் பொறுமைக்கும் கற்றுக்கொடுப்பவரின் நேர்மைக்கும்தான் வேலை.

பெற்றோரே, அடுத்த விஜயதசமிக்குப் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் கொண்டுபோய் விடுவீர்கள். "இவளுக்கு வரலைங்க" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுத் திரும்பி வராதீர்கள். "எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தீர்கள்? எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று அங்கேயே நின்று கேளுங்கள். என் அம்மா அன்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.