அஜலும் அமானிதமும்

ஒவ்வொருவருக்கும் அஜல் குறிக்கப்பட்டுள்ளது என்பது நம் ஈமானில் சேர்ந்தது. அப்படியிருக்க, தொழில் நடக்கும் இடங்களில் டீஃபிப்ரிலேட்டர் கருவியை வாங்கி வைப்பது எதற்கு என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். விலை கூடிய கருவி. வருடக்கணக்கில் பயன்படாமலே கிடக்கலாம். இது வீண்விரயம் ஆகாதா என்றும் கேட்கின்றனர். இரண்டுமே சிந்திக்கத் தக்க கேள்விகள்தாம்.

முதலில் அந்தக் கருவியின் வேலையைத் தெரிந்துகொள்வோம். சிலருக்கு இதயம் திடீரெனத் துடிப்பை விட்டு வெறுமே நடுங்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் நின்று, ஆள் நினைவிழந்து விழுவார். மின் அதிர்வு கொடுத்து அந்த நடுக்கத்தை நிறுத்துவதே கருவியின் வேலை. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. 108 வண்டி வரும்வரை காத்திருக்க அங்கே நேரமில்லை. கருவியோ இதயத்தின் நிலையைத் தானே ஆராய்ந்து, செய்ய வேண்டியதை வாய்விட்டுச் சொல்கிறது. தேவையில்லாதவருக்கு அது அதிர்வு கொடுக்காது.

அமெரிக்காவின் சிகாகோ விமான நிலையங்களில் 1999-ல் இக்கருவிகளை வைத்தார்கள். 2 ஆண்டுகளில் இவ்வகை இதய நடுக்கத்தால் விழுந்தவர் 18 பேர்; அவர்களில் 11 பேர் உயிர் மீண்டனர். காப்பாற்றியவர்களில் முன்பயிற்சி இல்லாதவர்களும் இருந்தனர்.

இப்படி முயல்வது களா கத்ருக்கு முரணா? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஊருக்குள் நுழையாமல் படையுடன் திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, திரும்புவதும் இறைவன் விதித்ததே என விளக்கினார்கள். அஜல் எப்போது என்பதை அல்லாஹ் நமக்கு அறிவிக்கவில்லை. ஆகவே அதைக் காரணம் காட்டி முயற்சியைக் கைவிட நமக்கு உரிமையில்லை.

தொழிலாளி முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எனினும் கூலியைப் பாக்கி வைத்துக்கொண்டு கருவி வாங்குவது முறையன்று. முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். பலர் வேலை செய்யும் ஆலைக்கும், ஆஸ்பத்திரி தூரமான தோல் ஷாப்புக்கும் இது அவசியம் என்றே நாம் கருதுகிறோம். தீயணைப்புக் கருவி சுவரில் சும்மா தொங்குவதை எவரும் விரயம் என்பதில்லையே! சிறு கடைக்காரர்கள் கூடிப் பணம் போட்டு, தெருவுக்கு ஒன்றாகப் பள்ளிவாசலில் வைக்கலாம். பீரோவில் பூட்டிச் சாவியை முதலாளி கொண்டுபோனால் வாங்கியும் பயனில்லை. நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையைக் கற்கவோ செலவே இல்லை. ஊரில் ஒருவருமே கற்காவிட்டால், பர்ளு கிஃபாயாவை விட்ட குற்றம் எல்லார்மீதும் வருமே என்று நாம் அஞ்ச வேண்டும்.

விழுந்தவர் பெண்ணாக இருந்தால்? கருவியின் பட்டைகளை வெறும் மார்பில்தான் ஒட்ட வேண்டும். தெரிந்த பெண் அருகில் இருந்தால் அவரே செய்யட்டும். இல்லையேல் ஆண் தயங்கலாகாது. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் தேவையான அளவுக்கு ஆகுமாகிறது. சுற்றி நிற்போர் துணி பிடித்து மறைக்கலாம்.

இத்தனையும் செய்தும் அவர் மௌத்தாகலாம். அப்போது விதி என்று பொறுமை கொள்வோம், அது ஈமான். எதுவும் செய்யாமல் அதே சொல்லைச் சொன்னால், நாளை மஹ்ஷரில் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

வல்ல நாயன் நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பேணும் நல்லுள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.