பூனையின் சுதந்திரமும் நமது கடமையும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களில் வளவும் வளவும் ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுப் பூனை மதிலேறினால் அடுத்த வீட்டுக் குசினியில்தான் இறங்கும். அதனை வெளியே விடுவதா, அடைத்து வைப்பதா என்னும் கேள்வி அற்பமானதன்று. நமது கைக்குள் அகப்பட்ட உயிருக்கு நாம் பட்டுள்ள கடன் யாது என்பதே அதன் உட்பொருள்.

பூனையை அடைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்ற நபிமொழியை நம்மூர்ப் பிள்ளைகளும் அறிவர். அவள் உணவும் கொடுக்கவில்லை. தானே இரை தேடவும் விடவில்லை. ஆகவே, அடைப்பவர் ஊட்டக் கடமைப்பட்டவர்.

அவ்வாறாயின், திறந்துவிட்டவருடைய கடமை தீர்ந்துவிடுமா? நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. மனிதரோடு வந்த பூனைகள், பறக்கவியலாத ஒரு சிறு குருவியினம் சில ஆண்டுகளில் அற்றுப்போகக் காரணமாயின. பூனை தன் இயல்பின்படி நடந்தது. பொறுப்பு அதனைக் கொண்டுசென்ற மனிதனுடையதே. இங்கும் அயலவரின் கோழிக்குஞ்சு, விசர்நோய், வீதி வாகனம் ஆகியவற்றை மறந்து கதவைத் திறப்பது கைகழுவுதலேயாம். குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையடியில் விடுவது அதனினும் கொடிது.

பகலில் உலவட்டும், இரவில் வீட்டில் உறங்கட்டும் என்பதே நமது முடிவு. ஆயின், அன்றாடக் கூலியில் வாழும் கடற்றொழிலாளியிடம் கருத்தடைச் செலவைச் சுமத்துவது நீதியாகாது. பூனை மதில் தாண்டுவதால் அதன் விளைவும் பொதுவானது. எனவே தடுப்பூசியும் கருத்தடையும் மாநகர சபையின் பொதுப்பணியாதல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவதும் நமது கடமையே.