தாங்கும் சபைகளின் முன் மிஷனெரிக் குடும்பம்

வெளிநாட்டுப் பணித்தளத்தில் சில ஆண்டுகள் ஊழியம் செய்த மிஷனெரிக் குடும்பம் தாயகம் திரும்பி, தன்னைத் தாங்கும் சபைகளை, அதாவது மாதந்தோறும் காணிக்கை அனுப்பி அதன் செலவுகளை ஏற்றிருக்கும் சபைகளை, ஒவ்வொன்றாகச் சென்று காண்பது புரொட்டஸ்டண்ட் மிஷன் இயக்கத்தின் நெடுங்கால வழக்கம். இதற்கு விவிலிய முன்மாதிரியும் உண்டு. முதல் ஊழியப் பயணத்தை முடித்த பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோகியா சபையைக் கூட்டி நடந்தவற்றை விவரித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் பதினான்காம் அதிகாரம் கூறுகிறது. கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பல ஊர்களில் கூடாரத் தொழில் செய்து தம் செலவைத் தாமே ஈட்டிய பவுலின் நிலை வேறு. அடுத்த ஆண்டு வீட்டு வாடகைகூடத் தாம் மேடையில் சொல்லும் செய்தி கேட்போர் மனத்தில் உண்டாக்கும் விளைவைச் சார்ந்திருக்கும் பிற்கால மிஷனெரியின் நிலை வேறு. சாட்சி சொல்பவரின் பிழைப்பு அச்சாட்சியின் கவர்ச்சியோடு பிணைக்கப்படும்போது அதன் உண்மைக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு எடைபோடத்தக்க கேள்வி.

கேட்போரின் எதிர்பார்ப்பு எத்தகையது என்பதற்கு அடோனிராம் ஜட்சனின் வருகை தெளிவான சான்று. 1812-இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு பர்மாவில் ஊழியம் செய்த அவர், 33 ஆண்டுகள் கழித்து 1845-இல்தான் பாஸ்டன் வந்து சேர்ந்தார். மனைவி சாராவின் உடல்நலம் தேடித் தொடங்கிய அப்பயணத்திலேயே சாரா செயின்ட் ஹெலினாவில் இறந்துபோனார். ஜட்சனுக்கும் நோயால் குரல் ஒடுங்கியிருந்ததால், அவர் மெல்லச் சொல்வதை அருகில் நிற்பவர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கில-பர்மியப் போரின்போது விலங்கிடப்பட்டுச் சிறையில் கிடந்தவர் என்பதால், அவர் வாயிலிருந்து அந்தக் கதைகளைக் கேட்க மக்கள் திரண்டனர். ஓரிடத்தில் அவர் இரட்சகரின் அன்பை மட்டும் பேசி அமர்ந்துவிட, கூட்டம் ஏமாந்தது என்றும், தமக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த கதையைத்தானே சொன்னேன் என்ற பொருளில் அவர் மறுமொழி கூறினார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. இந்நிகழ்ச்சியை ஜட்சனின் பக்திக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். சபையின் பசிக்கும் அது அதே அளவு சான்றாகும் என்பதை ஏனோ எவரும் கவனிப்பதில்லை.

இப்பசிக்குத் தீனி போட மிஷனெரி பொய் சொல்ல வேண்டியதில்லை, பொறுக்கி எடுத்தால் போதும். மனந்திரும்பிய ஒருவரைப் பற்றிச் சொல்லி, திரும்பவும் விலகிப்போன மூவரை விட்டுவிடலாம்; பஞ்சத்தைச் சொல்லி, உடன் ஊழியரோடு ஏற்பட்ட பிணக்கை மறைக்கலாம். சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் மெய்யாக இருக்கும், கேட்டவர் கொண்டுபோகும் சித்திரம் மட்டும் பொய்யாக இருக்கும். 1813-இல் ரங்கூன் சேர்ந்த ஜட்சன் முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல். ஆண்டுதோறும் பலனை எதிர்பார்க்கும் சபைகளின் முன் அந்த ஆறு ஆண்டுகளை எப்படி அறிக்கையாக எழுதுவது என்று எண்ணிப் பார்த்தாலே, குறை பேசுபவரிடம் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

நிதி ஏற்பாட்டை மாற்றி இந்த இக்கட்டைத் தீர்க்க முயன்றவர்களும் உண்டு. ஹட்சன் டெய்லர் 1865-இல் நிறுவிய சீன உள்நாட்டு மிஷன், எவரிடமும் பணம் கேட்பதில்லை என்று விதி வகுத்தது. ஆனால் 1875-இல் தொடங்கிய அதன் இதழ் சீனாவின் நிலையை வாசகர்முன் வைத்துக்கொண்டே இருந்ததால், கேளாமலே கேட்பது என்ற நுட்பமான கேள்வி எஞ்சியது. அமெரிக்கத் தென்பகுதி பாப்டிஸ்ட் சபைகள் 1925-இல் பொதுநிதித் திட்டம் ஒன்றை ஏற்படுத்திக் காணிக்கைகளைத் திரட்டிப் பகிர்ந்தளித்தன. அதனால் அவர்களுடைய மிஷனெரி ஒவ்வொரு சபையாகச் சென்று ஆதரவு திரட்டும் தேவை பெரிதும் குறைந்தது. இவ்வேற்பாட்டில் குடும்பம் வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியாகிவிடும், சபையோடுள்ள நேரடி உறவு மெலியும் என்ற குறை மெய்யே. எனினும் மேடையில் நிற்பவருக்கு உண்மை பேசும் சுதந்திரத்தை அது தருகிறது. அந்த ஆதாயத்துக்காக இந்த நட்டத்தை ஏற்கலாம்.

பணித்தளத்தின் தோல்விகளைத் தாய்நாட்டினர் கேட்க விரும்பாததற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. திருநெல்வேலிப் பகுதியில் ஊழியம் செய்து, பின்னர் டோனாவூரில் 1951-இல் இறக்கும் வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாத ஏமி கார்மைக்கேல், உள்ள நிலையை உள்ளபடியே எழுதி அனுப்பிய கையெழுத்துப்படி, இன்னும் ஊக்கமூட்டும்படி மாற்றித் தரவேண்டும் என்ற கோரிக்கையோடு திரும்பி வந்தது. அவர் மாற்றவில்லை, 1903-இல் நூல் வெளிவந்தபோது அதன் உண்மையை ஐயுற்றவர்கள் இருந்ததால், பிற மிஷனெரிகளின் சான்றுகளைப் பின்வந்த பதிப்பில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த நேர்மையும் முழுமையானதன்று. அந்நூலில் விவரிக்கப்பட்ட திருநெல்வேலிக் குடும்பங்களிடம், தங்களைப் பற்றிய அச்சித்திரம் சரியா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அறிக்கையில் அடிக்கடி விடுபடும் தரப்பு இந்த உள்ளூர் மக்களே. காணிக்கைப் பணத்தைக் கொண்டுசெல்லும்போது குற்றச்சாட்டு எழாதபடி சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் உடன் அனுப்ப பவுல் ஏற்பாடு செய்ததை கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் காணலாம். பணத்துக்குச் செய்த அந்த ஏற்பாட்டை மக்களைப் பற்றிய செய்திக்கும் செய்வதில் தடை ஒன்றும் இல்லை: பணித்தளத்து உள்ளூர் சபையின் மூப்பர் ஒருவர் அறிக்கையை முன்கூட்டியே படித்துத் திருத்தலாம். மதம் மாறியவருக்கு ஆபத்துள்ள இடங்களில் பெயரும் முகமும் மறைக்கப்படுவது அவசியம். அத்தகைய இடங்களில் கேட்பவர் சரிபார்க்க இயலாது என்பதாலேயே சொல்பவரின் கடமை கூடுகிறது.

குடும்பத்தின் பிள்ளைகள் வேறொரு தரப்பு. அமெரிக்கச் சபைகளில் பெற்றோரோடு மேடையேறிப் பணித்தளத்து மொழியில் பாடிக் காட்டும் குழந்தை, தான் தேர்ந்தெடுக்காத அழைப்பின் விளம்பரமாகிவிடுகிறது. பெற்றோரின் நாட்டிலும் வளர்ந்த நாட்டிலும் முழுமையாக வேரூன்றாத இத்தகையோரை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று அழைத்தவர் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசிம். இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை 1950-களில் ஆராய்ந்தபோது பிறந்த கருத்து அது. முற்காலத்தில் பிள்ளைகள் பெற்றோரையே பிரிய நேர்ந்ததும் உண்டு: சாராவோடு புறப்பட்டு வந்த மூன்று பிள்ளைகளையும் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு ஜட்சன் 1846-இல் பர்மா திரும்பினார். 1850-இல் கடலில் இறக்கும் வரை அவர்களை மீண்டும் பார்க்கவில்லை. அக்காலச் சபைகள் இதைத் தந்தையின் தியாகமாகவே போற்றின. பிள்ளைகள் கொடுத்த விலையை அந்தப் புகழ்ச்சி கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது அத்தகைய பிரிவு அரிது என்றாலும், மேடைக்கு வர மறுக்கும் பதின்வயதுப் பிள்ளைக்காகத் தாங்கும் சபையிடம் பெற்றோர் மன்னிப்புக் கேட்கும் நிலை இருக்குமானால், அம்மன்னிப்பு தேவையில்லை என்று சொல்லும் கடமை முதலில் அச்சபையின் போதகருடையது.