பூசலாரின் மனக்கோயிலும் திருச்சி விமானமும்

பேரிடரிலிருந்து பலர் ஒருசேரத் தப்பும்போது அதை இறையருள் என்று கொள்வதா, தொழிலறிந்தவரின் திறம் என்று கொள்வதா என்னும் வினா தமிழ்ச் சமயச் சிந்தனைக்குப் பழையது. 2024 அக்டோபர் 11 அன்று, கும்மிடிப்பூண்டி சிப்காட் பட்டறைகளிலும் பிற இடங்களிலும் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனமும் குங்குமமும் இடும் ஆயுத பூஜை நாளின் மாலையில், அவ்வினா மீண்டும் எழுந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஷார்ஜாவுக்குச் சுமார் 140 பயணிகளுடன் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தென்பட்டதால், அது இரண்டரை மணி நேரம் அவ்வட்டாரத்து வானிலேயே சுற்றி, இரவு 8 மணிக்குமேல் புறப்பட்ட நிலையத்திலேயே நலமாக இறங்கியது.

ஹைட்ராலிக் என்பது குழாய்க்குள் அடைபட்ட திரவத்தை அழுத்தி, அவ்வழுத்தத்தால் கனமான உறுப்புகளை அசைக்கும் முறையாகும். அவ்விமானம் சார்ந்த போயிங் 737 வகையில் இது ஏ, பி, துணை என மூன்று தனித்தனி அமைப்புகளாகப் பிரிக்கப்பட்டு, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு அழுத்தத்தில் இயங்குகிறது. சக்கரங்களை மடக்கி விரிப்பது ஏ அமைப்பின் வேலை. தரையிறங்கும் வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் நீளும் ஃபிளாப் தகடுகளும் வழக்கமான பிரேக்கும் பி அமைப்பைச் சார்ந்தவை. அவ்விரண்டும் ஓய்ந்தாலும் வாலிலுள்ள சுக்கானைத் துணை அமைப்பு திருப்பும். விமானத்தைச் சாய்க்கவும் ஏற்றியிறக்கவும் உதவும் தகடுகளை விமானி தம் கைவலிமையாலேயே கம்பிவடங்கள் வழியாக அசைக்கலாம். சக்கரங்களோ, பூட்டை விடுவித்தால் தம் எடையாலேயே கீழே இறங்கும். எரிபொருளை வானிலேயே கொட்டும் வசதி இவ்வகையில் இல்லாமையால், எடையைக் குறைக்க வேண்டுமாயின் பறந்துதான் எரித்தாக வேண்டும். தரையில் இருந்தோரைக் கலங்கவைத்த அந்த வட்டங்களுக்கு அதுவே காரணம்.

ஆகவே அன்று பயணிகளைக் காத்தவற்றுள் பெரும்பகுதி, அவர்கள் விமானமேறுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, "இது பழுதானால் என்ன, அதுவும் பழுதானால் என்ன" என்று எவரெவரோ மனத்துள் ஓட்டிப் பார்த்த சிந்தனையாக இருந்தது. இச்சிந்தனைக்குச் சமய மதிப்பு உண்டா என்று கேட்போர் திருநின்றவூரை நோக்கலாம். அவ்வூரில் கோயில் கட்டப் பொருள் கிடைக்காத சிவனடியார் பூசலார், கல்லும் மரமும் தச்சரும் மனத்திலேயே திரட்டி, நாள் குறித்து அடித்தளமிட்டு, சிகரம், மதில், கிணறு, குளம் என ஒன்றும் விடாமல் எழுப்பிய கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடினார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் மன்னனின் கனவில் தோன்றிய இறைவன், தான் பூசலாரின் கோயிலில் புக இருப்பதால் குடமுழுக்கை வேறு நாளில் வைக்குமாறு பணித்தான். இக்கதையைப் புறச்செயலை இகழ்ந்து அகத்தை உயர்த்தும் கதையாகவே சொல்லிச்செல்வது வழக்கம். ஆனால் பூசலார் வெறுமனே உருகியிருக்கவில்லை, ஒரு கட்டடக் கலைஞருக்குரிய ஒழுங்கோடு வரிசைமுறை தவறாது எண்ணினார் என்பதே அதில் வியப்புக்குரியது. மன்னனின் கோயிலையும் இறைவன் மறுக்கவில்லை, நாளை மட்டுமே மாற்றச் சொன்னான்.

ஓர் எல்லையையும் இங்குக் கருத வேண்டும். மனக்கோயிலின் சுவர் சரிந்தால் எவருக்கும் காயமில்லை. விமானத்தைப் பற்றிய எண்ணமோ உலோகத்தில் சோதிக்கப்படாதவரை எண்ணமாக மட்டுமே நிற்கும். திருநின்றவூரிலிருந்து சில ரயில் நிலையங்களே தள்ளியுள்ள ஆவடியில், தபஸ் ஆளில்லா விமானத்தின் மடங்கும் சக்கரத் தொகுதியை உருவாக்கிய போர் வாகன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பத்தராவிப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திவ்யதேசமும் பூசலாரின் திருநின்றவூர்தான். வைணவத்தில், குட்டியே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் குரங்கு நியாயத்தை வடகலையாரும், தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் என்னும் பூனை நியாயத்தைத் தென்கலையாரும் சரணாகதிக்கு விளக்கமாகக் கொண்டனர். இருக்கைப் பட்டையுடன் செய்வதறியாது அமர்ந்திருந்த பயணி பூனைக்குட்டியின் நிலையிலும், கைப்பிடியை விடமுடியாத விமானி குரங்குக்குட்டியின் நிலையிலும் இருந்தனர் எனின், நூற்றாண்டுகள் நீண்ட அவ்வழக்கில் இரு தரப்பும் ஒரே விமானத்தில் ஏறியிருந்தன என்றே சொல்லத் தோன்றும்.

அருளை விளைவைக்கொண்டு அளப்போருக்கு அதே இரவு வேறொரு சிக்கலையும் வைத்தது. விமானம் இறங்கிய சிறிது நேரத்தில், 8.30 மணியளவில், திருவள்ளூர் மாவட்டத்துக் கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், பிரதான பாதைக்குரிய சிக்னல் பெற்றிருந்தும் கிளைப்பாதையில் புகுந்து, அங்கு நின்ற சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, பலர் காயமுற்றனர், உயிரிழப்பு இல்லை. திருச்சியில் நிகழ்ந்ததை அருளென்றும் கவரைப்பேட்டையில் நிகழ்ந்ததை மனிதப் பிழையென்றும் பிரித்தெழுதும் கணக்கு நேர்மையானதன்று. உயிரிழப்பில்லாமையை மட்டும் அருளின் பக்கம் சேர்ப்பது அதே கணக்கின் இன்னொரு பக்கமே. பூசலாருக்கு அருள் கிடைத்தது கல்லில் எதுவும் எழுவதற்கு முன்பு, எண்ணும் செயலிலேயே. அவ்வாறு கொண்டால், பயன் எவ்வாறாயினும் அருளைக் குறித்துப் பேச இடமுண்டு, காயமுற்றவரின் "ஏன் எனக்கு" என்னும் கேள்விக்கு மட்டும் அதனிடம் விடையில்லை.