கூலியற்ற உழைப்பு

விடியுமுன் எழுந்து, எஞ்சின் உலையிலிருந்து நேற்றைய சாம்பலைச் சுரண்டியெடுத்து, விறகும் கரியும் இட்டு, நீராவி ஏறும்வரை சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மாலைவரை கரியள்ளிப் போட வேண்டும். ஒரு காலத்தில் கூலிக்காகச் செய்யப்பட்ட வேலை. இன்று பிரிட்டனில் இதற்காகத் தங்கள் விடுமுறையைச் செலவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தொடக்கம் வேல்ஸிலுள்ள டாலிலின் ரயில்பாதை. குவாரியின் ஸ்லேட் கல்லை மலையிலிருந்து இறக்க 1865இல் போடப்பட்ட குறுகிய பாதை. 1946 டிசம்பரில் குவாரி சரிந்து மூடப்பட்டது. உரிமையாளர் ஹெய்டன் ஜோன்ஸ் நஷ்டத்திலேயே வண்டியை ஓட்டி 1950இல் இறந்தார். எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் (பொறியாளரும்கூட) முன்னின்று ஒரு சங்கம் அமைய, 1951இலிருந்து தொண்டர்கள் ஓட்டினார்கள். இப்படிக் காப்பாற்றப்பட்ட உலகின் முதல் ரயில்பாதை, இன்றும் ஓடுகிறது.

வயிற்றுக்காக ஒருவன் பட்ட பாட்டை வயிறு நிறைந்தவன் ரசனையாக்கிக்கொள்கிறான் என்று சொல்லலாம். ஸ்லேட் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைத் தொண்டன் எந்த விதத்தில் வாரிசு? லேசான கேள்வியல்ல இது. களைத்தால் தொண்டன் வீட்டுக்குப் போகலாம். மற்றவன் போக முடியாது. முகத்தில் எவ்வளவு கரி அப்பினாலும் இந்த வித்தியாசம் மறையாது.

ஆனால் பாய்லருக்கு வித்தியாசம் தெரியாது. உலையின் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். மட்டம் இறங்கினால் தகடு பழுக்கக் காய்ந்து இளகும், பிறகு விபத்துதான். கரி போடுகிறவனின் கவனம் கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்தை விட்டு அகலக்கூடாது. பின்னால் பெட்டிகளில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைக்கு வருவது அவன் இஷ்டம். வந்தபின் நீர்மட்டம் அவன் இஷ்டமல்ல.

ஆக, கட்டாயம் இரண்டு வகை. பசியும் முதலாளியும் வெளியிலிருந்து விதிப்பது ஒன்று. எடுத்த காரியமே உள்ளிருந்து கோருவது மற்றொன்று. கூலி வேலையில் முன்னது பின்னதை மூடிவிடுகிறது. வங்கியில் ஒரு கணக்கை நான் இரண்டாம் முறை சரிபார்ப்பது தணிக்கைக்குப் பயந்தா, கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவா என்று எனக்கே நிச்சயமில்லை. தொண்டனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவன் அடைவது சுதந்திரம் என்பதைவிட இந்தத் தெளிவு என்றே எனக்குப் படுகிறது.

குவாரிக்காரனுக்கும் இது இல்லாமலில்லை. கல்லின் போக்கறிந்து உளி வைத்து, தகடு தகடாகப் பிளந்தவன் அவன். கூலி கொடுத்தவன் எண்ணியது தகடுகளை மட்டும்.

எனினும் ஒன்று. புத்துயிர் பெற்றது ரயில் மட்டுமே. குவாரி மூடியே கிடக்கிறது. அதைத் திறந்து ஞாயிறுதோறும் கல் பிளக்க எவரும் சங்கம் அமைக்கவில்லை.