காதைப் பொத்திக்கொண்ட குழந்தை

எட்வர்ட் மூங்க் என்றதும் பலருக்கும் 'அலறல்' ஓவியம்தான் நினைவுக்கு வரும். என்னை அதைவிட அதிகம் உலுக்குவது 1890களின் இறுதியில் அவர் வரைந்த 'இறந்த தாயும் குழந்தையும்'. கட்டிலில் தாய் இறந்து கிடக்கிறாள். அவளுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கும் சிறுமி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருக்கிறாள். செத்தவள் பேசப்போவதில்லை. பிறகு எது காதில் விழாமலிருக்க அந்தக் கைகள்?

நார்வேக்காரரான மூங்க் பிறந்தது 1863இல். ஐந்து வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1877இல் அதே நோய் 15 வயது அக்கா சோஃபியையும் கொண்டுபோனது.

தாங்க முடியாத ஒன்று நடக்கும்போது மனம் அதை உள்ளே விடாமல் காத்துக்கொள்கிறது. நடந்ததை இல்லையென்கிறது, அல்லது நினைவை வைத்துக்கொண்டு வலியை மட்டும் வெட்டிவிடுகிறது. இத்தகைய தற்காப்புகளை உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட் 1936இல் ஒரு நூலாகவே தொகுத்து விளக்கினார். மூங்கின் 'நோயறையில் மரணம்' (1893) ஓவியத்தில் அவற்றைக் கண்ணால் பார்க்கலாம். சோஃபியின் நாற்காலி நமக்கு முதுகு காட்டுகிறது. அவள் முகம் தெரியவில்லை. குடும்பமே அறையில் இருக்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா இறந்தபோது மூங்குக்கு 13 வயது. ஓவியத்திலோ உடன்பிறந்தவர்கள் வளர்ந்த ஆட்களாக நிற்கிறார்கள். ஆண்டுகள் போயின, அந்த அறையைவிட்டு யாரும் வெளியே வரவில்லை.

அதே அக்காவின் நினைவில் எழுந்த 'நோயுற்ற குழந்தை'யை அவர் 1885இல் தொடங்கினார். முதல் ஓவியத்தில் வண்ணத்தை அப்பி, சுரண்டி, மறுபடி அப்பிய கீறல்கள் இன்னும் தெரிகின்றன. 1886இல் காட்சிக்கு வைத்தபோது பலர் பரிகசித்தார்கள். அவர் விடவில்லை. 1927 வரை அதையே ஆறு முறை தீட்டினார்.

இப்படித் திரும்பத் திரும்ப வரைந்ததை, இழப்பைக் கடந்துவர முடியாதவரின் புலம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுவனாக அந்த அறையில் அவரால் எதையும் தடுக்க முடியவில்லை. ஓவியராக, எப்போது உள்ளே போவது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது தூரிகையை வைத்துவிட்டு எழுவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. கலை அவரை முழுதாகக் குணப்படுத்தியது என்றும் சொல்லமாட்டேன். 1908இல் மனம் உடைந்து கோபன்ஹேகனில் மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றார். ஆனாலும் 80 வயதுவரை வாழ்ந்தார், வரைந்தார்.

சாவு வீட்டில் ஓடியாடும் பிள்ளையைப் பார்த்து, "அதுக்கென்ன தெரியும், பாவம்" என்கிறோம். அந்த விளையாட்டேகூடக் காதைப் பொத்திக்கொள்ளும் கைகளாக இருக்கலாம். அந்தக் கைகளை இழுத்துப் பிரிக்கவும் கூடாது, ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் கூடாது. பக்கத்தில் இருக்க வேண்டும். வரையவோ பேசவோ அதற்கு இடம் தர வேண்டும். நாற்பது வயதில் ஒருவர் பழைய வலியைப் பேசத் தொடங்கினால், "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கே?" என்று கேட்காதிருப்போம். இத்தனை காலம் கழித்தாவது அவருக்குப் பேசத் துணிவு வந்திருக்கிறதே, அதற்குக் காது கொடுப்பது நம் கடமை.